இறாலின் மெய்காப்பு

பொதிகை மலையிற் பிறந்து, திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்திவரும் தாமிரபரணி ஆறு, புன்னைக்காயலுக்கு அருகில் மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்த உவர்நீர் இறால் வளர்தற்கு ஏற்றது. 1986-ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதியில் இறால் வளர்ப்பும் ஒரு தொழிலாக நடைபெறுகின்றது. அந்நகரில் 1977-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மீன்வளக் கல்லூரி இக்கலையைக் கற்பித்து வருகின்றது.

பண்ணைக் குளத்தில் நன்கு வளர்ந்த இறால்கள் சில நாட்களுக்குள்ளேயே கூட்டமாக மடிதல் உண்டு. அப்பொழுது உழைப்பும் முதலும் ஒருங்கே அழிய, பண்ணையாளர் கடனாளியாகின்றனர். இக்கேட்டினை விளைப்பனவற்றுள் ஒன்று, கடல்நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ என்னும் பாக்டீரியாவாகும்.

அங்ஙனமாயின், இறாலுக்குத் தற்காப்பு இல்லையோ? உண்டு. அதன் முதற்காப்பு கடினமான மேலோடு. ஆயினும், வளருங்கால் இறால் தன் ஓட்டினைக் கழற்றிப் புதிய ஓடு பெறுதல் வேண்டும். அவ்வோடு மென்மையாக இருக்கும் வேளையிற் பகை எளிதில் உட்புகும்.

உட்புகுந்த பகையை எதிர்ப்பவை குருதி அணுக்கள். பாக்டீரியாவின் புறச்சுவரில் அமைந்த பொருள்களைக் கொண்டே அவை அதனை அயலெனத் தெரிந்துகொள்கின்றன. சில அணுக்கள் அதனை விழுங்குகின்றன. சில, ஒன்றுகூடிச் சூழ்ந்து சிறைப்படுத்துகின்றன. சில, கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. மெலனின் என்னும் கருநிறப் பொருளும் அவ்விடத்தே தோன்றிப் பகையை மூடுகின்றது. குருதி விரைந்து உறைந்து காயத்தை அடைக்கின்றது. உயிருள்ள இறாலின் ஓட்டிற் காணப்படும் கரும்புள்ளி பெரும்பாலும் அத்தகைய போரின் தழும்பேயாம்.

அணுக்கள் அயற்பொருளைச் சூழும் இவ்வியல்பை முதன்முதல் விளக்கியவர் ருசிய அறிஞர் மெச்னிக்காவ். அவர் 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளங்குஞ்சினுள் முள்ளைச் செலுத்தி இதனைக் கண்டறிந்தார். 1908-ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார்.

மனிதர் உடல், ஒருமுறை வந்த நோயை நினைவிற்கொண்டு, அதற்கேற்ற எதிர்ப்பொருளை ஆக்கும். அம்மை குத்துதல் பயன் தருவது இதனாலேயே. இறாலின் குருதியில் அத்தகைய எதிர்ப்பொருள் இல்லை. பிறப்பிலேயே அமைந்த காப்பொன்றே அதற்குத் துணை. நீரில் உயிர்வளி குறைந்தாலும், எஞ்சிய உணவு அழுகி அம்மோனியா மிகுந்தாலும், உவர்ப்பு திடீரென மாறினாலும் அக்காப்புத் தளர்ந்துவிடும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் குளத்திற் கொட்டுதலும் தீர்வன்று. அவை நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் அழிக்கும். தீய நுண்ணுயிர்களோ நாளடைவில் அவற்றுக்கு அஞ்சாத வலிமை பெறும். ஆதலின் குளோராம்பெனிகால் முதலிய மருந்துகளை இறால் வளர்ப்பிற் பயன்படுத்துதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது.

நோயற்ற குஞ்சுகளைச் சோதித்து வாங்குதல், நெருக்கமின்றி விடுதல், அளவறிந்து உணவிடுதல், நாள்தோறும் நீரை ஆராய்தல் ஆகியவையே பண்ணையாளர் செய்யத்தக்கன. இறால் தன்னைத் தானே காத்துக்கொள்ள வல்லது. அதற்குரிய நீரைத் தூய்மையாக வைத்தல் மனிதர் கடமை.