பெர்முடாவின் வெள்ளைக் கூரைகள்

வட அத்திலாந்திக் சமுத்திரத்தில், அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 1000 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது பெர்முடாத் தீவுக்கூட்டம். வளைகுடா நீரோட்டத்தின் புண்ணியத்தால் அங்கே உறைபனி இல்லை. கோடையில் பழைய கடற்படைத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வரும். ஒரே கப்பலில் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்குவர். அவர்கள் தேடுவது இளஞ்சிவப்பு மணலை. படங்களில் என்னைக் கவர்ந்தவையோ வெள்ளைக் கூரைகள்தான். அழகுக்கென்றே முதலில் நினைத்தேன். ஆறே இல்லாத நாடல்லவா அது! படிப்படியாக அடுக்கிய சுண்ணக்கல் கூரை மழைநீரின் வேகத்தைக் குறைத்து, வீட்டின் அடியிலுள்ள தாங்கிக்கு அனுப்புகிறது. முன்னர் பூசிய சுண்ணாம்பு நீரையும் சுத்தமாக்கியது. வீடு கட்டுவோர் மழைநீர் சேர்ப்பது சட்டம். பெரிய கப்பல்கள் கடல்நீரையே நன்னீராக்கிக்கொள்ளும். தீவில் குடியிருப்பவர்களோ மழை பிந்தினால் லொறித் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டும்.