தேயிலைக்கு மேலே ஒரு பாசிக்காடு

மலேசியாவின் கேமரன் மலைக்குச் செல்வோர் படம் பிடித்து வருவதெல்லாம் தேயிலைச் சரிவுகளைத்தான். சுங்கை பாலாஸ் தோட்டத்தைக் கடந்து குறுகலான சாலையில் இன்னும் மேலே ஏறினால் தேயிலை நின்றுவிடும். பிரிஞ்சாங் மலையுச்சியை ஒட்டி, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், தோட்டமாக மாற்றப்படாத ஆதிக்காடு தொடங்கும். கேமரன் மலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மேகத்தில் நீர் எடுக்கும் காடு

அடிவாரத்தில் வானளாவும் மரங்கள் இங்கே குட்டையாகவும் கோணலாகவும் நிற்கின்றன. குளிரும் காற்றும் ஓயாத மூடுபனியும் அவற்றை ஓங்கி வளர விடுவதில்லை. வேர் முதல் கிளை நுனி வரை பாசி போர்த்தியிருக்கிறது. மழை இல்லாத நாளிலும் தவழ்ந்து வரும் மேகத்திலிருந்து அந்தப் பாசி ஈரத்தை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகிறது. புளிப்பேறிய இந்த மண்ணில் சத்துக் குறைவு. அதனால்தான் கெண்டிச்செடிகள் பூச்சிகளைப் பிடித்துத் தமக்கு வேண்டிய நைட்ரஜனைத் தேடிக்கொள்கின்றன.

இம்மலைகளில் சேரும் நீர் பெர்த்தாம், தெலோம் ஆறுகளாக இறங்குகிறது. தோட்டங்களுக்கும் காய்கறிப் பண்ணைகளுக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் அதுவே ஆதாரம். நீர்மின் நிலையங்களும் அதை நம்பியே ஓடுகின்றன.

நம்மவர் உழைத்த மலை

செமாய் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலை இது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் வந்துபோன பின் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1929இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டம் வளர வளரக் காடு பின்வாங்கியது. கொழுந்து கிள்ளியும் லயங்களில் பிள்ளை வளர்த்தும் தமிழ்க் குடும்பங்கள் இந்த மலையில் வேரூன்றின. நீலகிரியிலும் வால்பாறையிலும் சோலைகள் இப்படித்தான் தேயிலைக்கு வழிவிட்டன. அந்த உழைப்பைப் பெருமையோடு நினைக்கும் நமக்கு, எஞ்சிய காட்டின் மீதும் பொறுப்பு உண்டு.

மரம் போனால் மண் போகும்

காய்கறிப் பண்ணைகளுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் வெட்டப்பட்டதன் விளைவை ரிங்லெட் ஏரியில் காணலாம். 1960களில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டியபோது உருவான அந்த நீர்த்தேக்கத்தில் மேலிருந்து அரித்து வந்த மண் படிந்து கொள்ளளவைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபரில் பெருமழை கொட்ட, அணை நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. மேட்டில் மண்ணைப் பிடிக்க வேர் இல்லையென்றால், விலை கொடுப்பவர் பள்ளத்தில் குடியிருப்பவரே.

பாசிக்காட்டுக்கு இன்று கோடரியோடு சேர்த்து நம் காலடியும் ஆபத்து. மிதிபட்ட பாசி மீண்டும் தழைக்க வருடக்கணக்காகும். மரப்பலகை நடைபாதை போட்டிருப்பது அதற்காகத்தான். படம் எடுக்கவென்று பாதையை விட்டு இறங்காதீர்கள். கெண்டிச்செடியையும் ஆர்க்கிடையும் பறிக்காதீர்கள்; சாலையோரம் விற்றாலும் வாங்காதீர்கள். காடு ஆறுவதற்காக வாசலை மூடினால் முகம் சுளிக்காமல் திரும்புங்கள். பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லும்போது, அந்தச் செடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். இந்தக் காட்டுக்கு நாளை அவர்கள்தான் காவல்.