கோப்பு போய்ச் சேர்ந்ததா?

பைதான் மொழியில் ஒரு கோப்பை எஃப்.டி.பி. சர்வருக்கு ஏற்றும் நிரலை ஐந்தாறு வரிகளில் எழுதிவிடலாம். பைதானை நிறுவும்போதே கூட வந்துவிடும் எஃப்.டி.பி.லிப் என்ற லைப்ரரியை அழைக்க வேண்டும். சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். கோப்பைத் திறந்து ஸ்டோர்பைனரி என்ற ஃபங்ஷனிடம் ஒப்படைக்க வேண்டும். பிறகு வெளியேற வேண்டும். அறிமுகப் பாடங்கள் பலவும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. இது பாதி நிரல்தான் என்பது என் கருத்து. அனுப்புவதற்கு ஐந்து வரி போதும். அனுப்பிய கோப்பு முழுசாக, கெடாமல், சரியான பெயரில் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள இன்னும் பத்துப் பதினைந்து வரி வேண்டும். நிரல் எழுதக் கற்பவர் ஒருமுறையாவது உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டியவை அந்த வரிகள்தான்.

கணினிகளுக்கிடையே கோப்புகளை மாற்ற உதவும் எஃப்.டி.பி. பழைய நெறிமுறை. 1971 ஏப்ரலில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண் இதன் முதல் வரைவை ஆர்.எஃப்.சி. 114 என்ற ஆவணமாக வெளியிட்டார். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர் அவர். அன்று இருந்தது இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட். இன்றைய இணையத்தைத் தாங்கும் டி.சி.பி. இன்னும் பிறக்கவில்லை. இப்போது புழங்கும் வடிவத்தை 1985 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் ஆர்.எஃப்.சி. 959-இல் எழுதிவைத்தார்கள். இதன் பெரிய அழகு, இரண்டு கணினிகளும் பேசிக்கொள்வதை மனிதர் அப்படியே வாசிக்க முடியும் என்பது. சர்வரின் 21-ஆம் போர்ட்டைத் தொட்டதும் அது 220 என்று சொல்லி வரவேற்கிறது. நிரல் ‘யூசர்’ என்ற கட்டளையோடு பெயரைச் சொன்னால் 331 வருகிறது: பெயர் சரி, கடவுச்சொல் எங்கே என்று பொருள். ‘பாஸ்’ கட்டளையில் அதைக் கொடுத்தால் 230, உள்ளே வரலாம். அடுத்து ‘பாஸ்வ்’ என்று கேட்டால் 227 என்ற எண்ணோடு ஆறு எண்கள் வருகின்றன. எடுத்துக்காட்டாக 203, 0, 113, 7, 195, 80. முதல் நான்கும் சர்வரின் ஐ.பி. முகவரி. கடைசி இரண்டில் போர்ட் எண் ஒளிந்திருக்கிறது: 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50,000. நிரல் அந்தப் போர்ட்டுக்கு இரண்டாவது இணைப்பு ஒன்றைத் திறக்க வேண்டும். பேச்சு முழுவதும் முதல் இணைப்பில். கோப்பின் பைட்டுகள் மட்டும் இரண்டாவதில். பிறகு ‘ஸ்டோர்’ என்று கோப்பின் பெயரைச் சொன்னால், தொடங்கலாம் என்று 150 வருகிறது, பைட்டுகள் பாய்கின்றன, எல்லாம் போனதும் நிரல் இரண்டாவது இணைப்பை மூடுகிறது, முதல் இணைப்பில் 226 வருகிறது, மாற்றம் முடிந்தது என்று.

அந்த ‘மூடுகிறது’ என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். எஃப்.டி.பி.யின் வழக்கமான ஸ்ட்ரீம் முறையில், கோப்பு இத்தனை பைட் என்று நிரல் சர்வரிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. கோப்பின் கடைசி இது என்று காட்டும் குறியும் இல்லை. இணைப்பு மூடப்பட்டால் கோப்பு முடிந்தது என்று சர்வர் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். இப்போது 40 எம்.பி. கோப்பில் 25 எம்.பி. போயிருக்கும்போது அனுப்பும் நிரலை யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிரல் செத்ததும் இயங்குதளம் அதன் இணைப்புகளை ஒழுங்காக மூடிவிடுகிறது. சர்வர் காண்பது, முறைப்படி மூடப்பட்ட ஓர் இணைப்பு. கோப்பு முடிந்தது என்று அது 25 எம்.பி.யைச் சேமித்து, முழுக் கோப்புக்கான பெயரையே அதற்கு வைத்துவிடும். 226-ஐயும் அனுப்பும், அதைக் கேட்க எதிர்முனையில் ஆள்தான் இல்லை. முன்பு அங்கே நல்ல கோப்பு ஒன்று அதே பெயரில் இருந்திருந்தால் அதுவும் போயிற்று. ஆர்.எஃப்.சி. 959 பிளாக் முறை என்று ஒன்றையும் வரையறுத்திருக்கிறது. அதில் கோப்பின் முடிவுக்குத் தனிக் குறி உண்டு. ஆனால் பெரும்பாலான சர்வர்கள் அதை ஆதரிப்பதில்லை.

டி.சி.பி.தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதே, தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்புகிறது, வரிசை மாறினால் சரிசெய்கிறது, பிறகு நிரல் எதற்காக மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டி.சி.பி. தரும் உறுதி எதுவரை என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பைட்டுகள் எதிர்க் கணினியின் நினைவகம்வரை ஒழுங்காகப் போனதற்கு அது பொறுப்பு. அங்கிருந்து வட்டில் எழுதப்பட்டதா, வட்டில் இடம் இருந்ததா, அனுப்பியவர் நினைத்த கடைசி பைட் இதுதானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தபாலில் போட்டதற்கான ரசீது வேறு, பெற்றவர் கையெழுத்துப் போட்டுத் திரும்பிவரும் ஒப்புகை அட்டை வேறு. ஜெரோம் சால்ட்ஸர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் ஆகிய மூவர் 1984-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதையே வாதிடுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட முதன்மை எடுத்துக்காட்டே கோப்பு மாற்றம்தான். எம்.ஐ.டி.யில் பல வலையமைப்புகளை இணைத்த ஒரு கேட்வே கணினியைப் பற்றி அதில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு கம்பியிலும் பிழை சரிபார்ப்பு இருந்தது. அதனால் எல்லாம் பத்திரம் என்று நிரலாளர்கள் நம்பினார்கள். கேட்வேக்கு உள்ளேயோ, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தரவை நகலெடுக்கும்போது ஏறத்தாழ 10 லட்சம் பைட்டுக்கு ஒருமுறை ஒரு ஜோடி பைட் இடம் மாறிக்கொண்டிருந்தது. அதன் வழியே திரும்பத் திரும்பப் போய்வந்த இயங்குதள மூலநிரல் கோப்புகள் மெல்லக் கெட்டன. கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளை வைத்துக்கொண்டு கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. வழியில் உள்ள ஒவ்வொரு கண்ணியும் சரியாக இருந்தாலும், இரண்டு முனைகளும் சரிபார்க்காதவரை கோப்பு சரி என்று சொல்ல வழியில்லை என்பது அந்தக் கட்டுரையின் முடிவு. அதை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஆகவே நல்ல பதிவேற்ற நிரல் இப்படி நடந்துகொள்ளும். கோப்பை அதன் உண்மைப் பெயரில் ஏற்றாது. பெயரின் கடைசியில் ‘.பார்ட்’ என்பதுபோல ஏதாவது ஒட்டி, தற்காலிகப் பெயரில் ஏற்றும். 226 வருகிறவரை காத்திருக்கும். வந்ததும் ‘சைஸ்’ கட்டளையால் சர்வரில் உள்ள கோப்பின் அளவைக் கேட்டு, தன்னிடம் உள்ளதன் அளவோடு ஒப்பிடும். இரண்டும் ஒன்றானால் மட்டும் பெயரை மாற்றும். லினக்ஸ் போன்ற சர்வர்களில் பெயர்மாற்றம் ஒரே நொடியில் நடக்கும் ஒற்றைச் செயல். பழைய கோப்பு இருக்கும், அல்லது முழுப் புதிய கோப்பு இருக்கும், இடையில் அரைகுறை என்று எதுவும் இருக்காது. ஏற்கெனவே அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் பெயர் மாற்ற மறுக்கும் சர்வர்களும் உண்டு. அங்கே பழையதை முதலில் நீக்க வேண்டிவரும். அளவு ஒத்துப்போனால் உள்ளடக்கமும் ஒன்று என்று ஆகிவிடாது. கணக்குப் புத்தகம், மருத்துவப் படம் போல ஒரு பைட்கூட மாறக் கூடாத கோப்பு என்றால், ஏற்றியதைத் திரும்ப இறக்கி, இரண்டுக்கும் எஸ்.எச்.ஏ.-256 என்ற சரிபார்ப்பு மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். நேரம் இரண்டு மடங்காகும். எல்லாக் கோப்புக்கும் இது தேவையில்லை, ஆனால் தேவைப்படும் கோப்புக்கு வேறு குறுக்குவழியும் இல்லை.

கெடுவதற்கு இன்னொரு வழியையும் எஃப்.டி.பி. திறந்துவைத்திருக்கிறது. உரைக் கோப்பில் ஒரு வரி முடிவதை ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு விதமாகக் குறித்ததால், ‘டைப் ஏ’ முறையில் அனுப்பினால் வரிமுடிவுகள் வழியிலேயே மாற்றி எழுதப்படும். நெறிமுறையின் இயல்பு நிலையும் அதுதான். படத்தை அப்படி அனுப்பினால், அதில் தற்செயலாக 10 என்ற மதிப்புள்ள பைட் வரும் இடமெல்லாம் வரிமுடிவு என்று தவறாகக் கொள்ளப்பட்டுப் படம் பாழாகும். இது எவ்வளவு பரவலாக நடந்தது என்பதற்கு பி.என்.ஜி. படக்கோப்பின் முதல் எட்டு பைட்டுகளே சாட்சி: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் வரும் 13, 10 விண்டோஸ் பாணி வரிமுடிவு. கடைசி 10 யூனிக்ஸ் பாணி. வழியில் யாராவது வரிமுடிவை எந்தத் திசையில் மாற்றினாலும் இந்த எட்டில் ஏதோ ஒன்று குலையும், படத்தைத் திறக்கும் மென்பொருள் உடனே கண்டுகொள்ளும். 127-ஐத் தாண்டிய 137 முதலில் நிற்பது, எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய தடங்களைக் கண்டுபிடிக்க. பைதானில் ஸ்டோர்பைனரி தானாகவே, பைட்டுகளை மாற்றாமல் அனுப்பச் சொல்லும் ‘டைப் ஐ’ கட்டளையை அனுப்பி இந்த ஆபத்தைத் தவிர்க்கிறது. அதற்குப் பதில் ஸ்டோர்லைன்ஸை அழைத்துவிடாமல் இருந்தால் போதும்.

இவ்வளவு மெனக்கெட எஃப்.டி.பி.க்கு இன்று என்ன மதிப்பு என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2017-இல் டெபியனும் லினக்ஸ் கெர்னல் தளமும் தங்கள் பொது எஃப்.டி.பி. சேவையை மூடின. 2021-இல் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அதற்கான ஆதரவை அடியோடு நீக்கின. கடவுச்சொல் ஒளிவுமறைவின்றிக் கம்பியில் போகிறது. இடையில் கேட்பவர் எவரும் படிக்கலாம். நான் மேலே புகழ்ந்த அந்த வாசிக்கத்தக்க தன்மையின் மறுபக்கம் இது, சிறிய குறை இல்லை. சர்வர் எஸ்.எஃப்.டி.பி. தந்தால் தயங்காமல் அதற்குப் போய்விடலாம். அது பெயரில் மட்டுமே உறவு, எஸ்.எஸ்.எச். என்ற மறையாக்க இணைப்பின் மேல் ஓடும் வேறு நெறிமுறை. ஆனால் குறைந்த வாடகை வெப் ஹோஸ்டிங், அலுவலக ஸ்கேனர், கண்காணிப்பு கேமரா, மைதானத்திலிருந்தே படம் அனுப்பும் விளையாட்டுப் புகைப்படக்காரரின் கேமரா என்று எஃப்.டி.பி. இன்னும் உழைக்கும் இடங்கள் பல. அங்கே டி.எல்.எஸ். மறையாக்கத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், 2005-இல் ஆர்.எஃப்.சி. 4217 அதற்கு முறை வகுத்தது. பைதானில் எஃப்.டி.பி._டி.எல்.எஸ். என்ற வகுப்பு உண்டு. அதில் இரண்டு பொறிகள். ப்ராட்_பி என்பதை அழைக்காவிட்டால் பேச்சு மட்டும் மறையாக்கப்படும், கோப்பு வெட்டவெளியில் போகும். சான்றிதழைச் சரிபார்க்கும் கான்டெக்ஸ்ட் ஒன்றை நாமே கொடுக்காவிட்டால் எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று அது பார்க்காது. இங்கும் கதை அதேதான்: இணைப்பு கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்று ஆகாது. எஃப்.டி.பி.யோடு இந்தச் சிக்கல் ஒழிந்துவிடும் என்று எண்ணவும் வேண்டாம். எச்.டி.டி.பி.யின் 1.0 பதிப்பிலும் நீளம் குறிப்பிடாத பதில் இணைப்பு மூடப்பட்டால்தான் முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. அரைகுறைப் பக்கத்தை முழுப் பக்கம் என்று நம்பும் அதே தவறுக்கு அங்கும் இடம் இருந்தது.

மீதி இருப்பது தோல்வியை எப்படிக் கையாள்வது என்பது. சர்வரின் மூன்று இலக்க எண்ணில் முதல் இலக்கமே பாதி செய்தியைச் சொல்லிவிடும். 4-இல் தொடங்கினால் இப்போதைக்கு முடியவில்லை: 425 என்றால் இரண்டாவது இணைப்பு கிடைக்கவில்லை, 426 என்றால் நடுவில் அறுந்தது. சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம், ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு. 5-இல் தொடங்கினால் அதே கட்டளையைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை: 530 என்றால் உள்ளே விடவில்லை, 550 என்றால் கோப்போ அனுமதியோ இல்லை. தவறான கடவுச்சொல்லோடு விடாமல் தட்டும் நிரலைச் சர்வர் தாக்குதலாக எண்ணி முகவரியையே அடைத்துவிடக்கூடும். காத்திருப்புக்கு ஓர் எல்லையும் வேண்டும். டைம்அவுட் கொடுக்காவிட்டால் எஃப்.டி.பி.லிப் பதில் தராத சர்வருக்காக முடிவின்றி உட்கார்ந்திருக்கும். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. பைதான் 3.9-க்கு முன் எஃப்.டி.பி.லிப் பெயர்களை லத்தீன்-1 குறியாக்கம் என்றே கருதியதால் தமிழ்ப் பெயரைக் கண்டதும் பிழை சொல்லி நின்றுவிடும், 3.9 முதல் யு.டி.எஃப்.-8. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15. லினக்ஸ் சர்வர்களில் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் எல்லை என்பதால், தமிழில் 85 குறிகளுக்கு மேல் பெயர் நீள முடியாது. தற்காலிகப் பெயருக்கு ஒட்டும் ‘.பார்ட்’டுக்கும் அதற்குள்ளேயே இடம் விட வேண்டும்.