சொந்தக் காணியில் வீடு: அத்திவாரம் வெட்டுமுன் அறிய வேண்டியவை

பல வருடங்களுக்குப் பிறகு உங்கள் வளவுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வேலி இருந்த இடம் தெரியவில்லை. பழைய சுவரும் கிணற்றுக் கட்டும் மட்டும் மிஞ்சியிருக்கலாம். மாரிக்கு முன் ஒரு கூரை போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு. "எங்கட காணியில் நாங்கள் வீடு கட்ட யாரைக் கேட்க வேணும்?" என்று பலர் கேட்கிறார்கள்.

காணி உங்களுடையதுதான். ஆனாலும் அதில் எதை, எங்கே கட்டலாம் என்பதற்கு விதிகள் உண்டு. முதலிலேயே கேட்டறிந்தால் சில நாள் அலைச்சலோடு முடிந்துவிடும். சுவர் எழும்பிய பின் அறிந்தால் வீட்டுத்திட்ட உதவியின் அடுத்த கட்டப் பணம் நின்றுபோகலாம். கட்டியதை இடிக்கவும் நேரலாம். ஆகவே பின்வருவனவற்றை ஒழுங்கு முறையாகச் செய்யுங்கள்.

1. நிலம் பாதுகாப்பானதா?

உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ உறுதிப்படுத்துங்கள். பக்கத்து வளவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது போதிய சான்று அல்ல. கண்ணிவெடி அகற்றுவோர் குறித்த ஓர் ஆழம் வரையே நிலத்தைச் சோதிப்பார்கள். அத்திவாரமும் கிணறும் மலசலகூடக் குழியும் அதைவிட ஆழமாக வெட்டப்படுகின்றன. எங்கே வெட்டப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

வெட்டும்போது உலோகப் பொருளோ வயரோ சந்தேகமான பிளாஸ்ரிக் பொருளோ தென்பட்டால் தொட வேண்டாம். வேலையை நிறுத்தி, வந்த வழியே வெளியேறி, இடத்தை மற்றவர்களுக்கு அடையாளம் காட்டி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பற்றைகளுக்கு நெருப்பு வைத்துத் துப்புரவாக்குவதும் ஆபத்தானது.

2. காணி யாருடைய பெயரில் உள்ளது?

உறுதிக் காணி என்றால், உறுதி தொலைந்திருந்தாலும் உரிமை தொலைந்துவிடாது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், எழுதிய ஆண்டு, காணியின் பெயர் ஆகியவற்றில் தெரிந்ததைக் கொண்டு பிரதிக்கும் தோம்புக்கும் விண்ணப்பிக்கலாம். அயல் காணிக்காரரின் உறுதியில் எல்லையாக உங்கள் குடும்பத்தின் பெயர் இருந்தால் அதுவும் தேடலுக்கு உதவும்.

வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகள் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள் அல்லது அளிப்புக் காணிகள். இவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். பத்திரம் பெற்றவர் இறந்திருந்தால், பின்னுரித்தாளரின் பெயருக்கு மாற்றும் வேலையை வீட்டு வேலைக்கு முன் தொடங்குங்கள். இத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்கவோ பிரித்துக் கொடுக்கவோ முடியாது. "வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினேன்" என்பது உங்களைப் பாதுகாக்காது.

காணி சகோதரர்களுக்குப் பொதுவானது என்றால், நீங்கள் வீடு கட்டுவதற்கு மற்றப் பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாக அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிய வீடு பிற்காலத்தில் உடன்பிறந்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடாது.

கணவர் காணாமற்போன சகோதரிகள் கவனிக்க: தேசவழமைச் சட்டத்தின் கீழ் வரும் மனைவி தன் சீதனக் காணியை ஈடு வைக்கவோ விற்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் இருக்கும் இடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் இதற்கு உதவி பெறலாம்.

3. அது எந்த வகை நிலம்?

ஒரே உறுதியில் குடியிருப்பு நிலமும் வயலும் இருக்கலாம். வயல் நிலத்தை நிரப்பவோ அதில் வீடு கட்டவோ 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். முதலில் உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

கடற்கரைக் கிராமங்களில், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் ஆகும். அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி பற்றி விசாரியுங்கள். குள ஒதுக்கு, வாய்க்கால் ஒதுக்கு, வீதி ஒதுக்கு ஆகியவற்றிலும் கட்ட வேண்டாம். நீங்கள் இல்லாத காலத்தில் காடு மூடிய காணியில் வன எல்லைக் கற்கள் நாட்டப்பட்டிருந்தால், வெட்டித் துப்புரவாக்கும் முன் உங்கள் ஆவணங்களோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

மரம் தறிப்பதிலும் கவனம் தேவை. காணி உங்களுடையதாயினும் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது.

4. வளவில் எதை எங்கே வைப்பது?

பலர் வீட்டுக்கு இடம் குறித்துவிட்டு, மிஞ்சிய மூலையில் மலசலகூடத்தை வைக்கிறார்கள். மாறிச் செய்யுங்கள். முதலில் கிணறு, அடுத்து மலசலகூடக் குழி, பின்னர் வீடு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக் கல் உள்ளது. அதன் வெடிப்புகளினூடாகக் குழியின் கழிவு வடிகட்டப்படாமலே கிணற்றை அடையலாம். நிவாரண வேலைகளில் பின்பற்றப்படும் அளவுப்படி, குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி இருக்க வேண்டும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும். கோடையில் அளந்து ஏமாற வேண்டாம். மாரியில் கிணற்று நீர் எந்த மட்டத்துக்கு வரும் என்பதையே கணக்கில் எடுங்கள்.

2 பரப்புக் காணி 20 பேர்ச், அதாவது 5,445 சதுர அடி. அதன் அகலம் 55 அடி, நீளம் 99 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 113 அடி. கிணறும் குழியும் எதிரெதிர் மூலைகளில் இருந்தால் மட்டுமே 100 அடி கிடைக்கும். பக்கத்து வளவின் கிணற்றுக்கும் அளந்து பாருங்கள். தூரம் போதாவிட்டால், குழி வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். கழிவு ஊறாத மூடிய தொட்டி கட்ட வேண்டுமா என்பதை அவர் சொல்வார்.

தற்காலிகக் கொட்டிலை நிரந்தர வீடு வரும் இடத்தில் போட வேண்டாம். வீடு கட்டும் மாதங்களில் குடும்பம் எங்கே படுப்பது? உறுதியில் எழுதிய வழி வாய்க்கால் உரிமையையும் பங்குக் கிணற்றுக்குப் போகும் பாதையையும் மறித்துக் கட்டவும் வேண்டாம்.

5. பிரதேச சபையின் அனுமதி

கட்டட விண்ணப்பப் படிவத்தைப் பிரதேச சபையில் பெறலாம். காணி ஆவணத்தின் பிரதி, நில அளவை வரைபடம், வீட்டு வரைபடம் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். வீட்டுத்திட்டப் பயனாளிகள் திட்டம் தரும் மாதிரி வரைபடத்தைக் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

வீதியின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பது வீதிக்கு வீதி வேறுபடும். பின்பக்கம் விட வேண்டிய வெளி, அறைகளின் அளவு, யன்னல் ஆகியவற்றுக்கும் அளவுகள் உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் அதன் விதிகளும் சேரும். உங்கள் கிராமத்துக்கு எவை பொருந்தும் என்பதைப் பிரதேச சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் சொல்வார்.

உடைந்த வீட்டைத் திருத்துபவர்களும் கேட்க வேண்டும். ஷெல் விழுந்த சுவர் வெளியே நல்லதாகத் தெரிந்தாலும், புதுக் கூரையின் பாரத்தைத் தாங்குமா என்பதை அவரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

அனுமதி கிடைத்ததும் அதில் உள்ள முடிவுத் திகதியைப் பாருங்கள். வேலை முடிந்த பின் அமைவுச் சான்றிதழ் பெறுங்கள். பின்னாளில் கடன் எடுக்கும்போது அது கேட்கப்படலாம்.

6. கையில் உள்ள பணத்துக்கு ஏற்ற அத்திவாரம்

இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. பணம் ஒரேயடியாக வராது. அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்து பார்வையிட்ட பின்னரே வரும். "பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டுவோம்" என்று அத்திவாரத்தைப் பெருப்பித்தவர்கள் சுவருக்கு நகையை அடைவு வைத்து, கூரைக்கு வட்டிக்கு எடுத்து, யன்னல் இல்லாத வீட்டில் கடனோடு இருக்கிறார்கள். சிறிதாகக் கட்டி முடியுங்கள். பிறகு ஓர் அறை சேர்க்க விரும்பினால், அதற்கான இடத்தை இன்றைய வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

உங்கள் உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், அனுமதிக் கடிதம், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைப் பிரதி எடுத்து, நீர் புகாத பையில் வையுங்கள். ஒரு தொகுதியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். ஓடும்போது எதை எடுப்பது என்று தெரியாமல் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டு. இந்த வீட்டின் பத்திரங்களாவது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.