காக்கிக்கு எந்தப் பட்டம்?

தமிழகக் காவல்துறையில் பட்டதாரிகளுக்கு நேரடியாகத் திறந்திருக்கும் வாசல்கள் மூன்று. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 வழியாக டி.எஸ்.பி., சிவில் சர்வீசஸ் தேர்வு வழியாக ஐ.பி.எஸ். மூன்றுக்கும் பொதுவாக ஏதாவது ஒரு பட்டம் போதும். கைரேகைப் பிரிவு எஸ்.ஐ. வேலை விதிவிலக்கு, அதற்கு அறிவியல் பட்டம் வேண்டும். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பே தகுதி. ஆனாலும் பட்டதாரிகள் பலர் அதற்கு விண்ணப்பிக்கிறார்கள். உள்ளே போய்விட்டால் எஸ்.ஐ. தேர்வில் துறையினருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டில் மோதலாம் என்ற கணக்கும் அதில் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது. தடய அறிவியலுக்கென்று காந்திநகரில் தேசியப் பல்கலைக்கழகமே உண்டு. அங்கெல்லாம் படித்தால்தான் எஸ்.ஐ. ஆகலாம் என்று விதி எதுவும் இல்லை. அந்தப் படிப்பு கைகொடுப்பது வேலையில் சேர்ந்த பிறகு.

காரணம், புலனாய்வு அதிகாரியின் நாளில் பெரும்பகுதி எழுத்து வேலைதான். சினிமா இதைக் காட்டுவதில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவதில் தொடங்கி, சாட்சிகளின் வாக்குமூலம், அன்றாடம் எழுதவேண்டிய வழக்கு நாட்குறிப்பு, கடைசியில் குற்றப்பத்திரிகை என்று அது நீளும். நேரம் ஓரிடத்தில் முன்பின்னாக விழுந்திருந்தாலும் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் வேலையை இன்னும் கூட்டியிருக்கின்றன. கடையிலிருந்து சிசிடிவி பதிவை வாங்கினால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணும் அதில் இருக்க வேண்டும். பி.காம். படித்தவருக்குக் கணக்கு மோசடி வழக்கு எளிதாகலாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவருக்கு சைபர் பிரிவு. சட்டமும் உளவியலும் எங்கே போனாலும் உதவும்.

கல்லூரியில் பாடத்துக்கு வெளியே கிடைப்பதும் வீணாகாது. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு எஸ்.ஐ. தேர்வில் சிறப்பு மதிப்பெண் உண்டு. எழுத்துத் தேர்வில் தேறிய ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அழைப்பு வந்தபின் மைதானத்துக்குப் போகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கயிறு ஏறுவதும் அப்படித்தான். தோளுக்கும் கைப்பிடிக்கும் மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும்.