கடிதம் படித்துச் சொல்லும் கருவி

வளைகுடா நாட்டிலிருந்து வான்கடிதம் வந்து சேரும் நாள், எங்கள் தெருவில் ஒரு சிறிய பெருநாளாகவே கழிந்த காலம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த எனக்கு, அந்நாள்களில் ஒரு தனிப் பணி வாய்த்திருந்தது. எழுத்தறியாத பெண்களுக்கும் கண்பார்வை மங்கிய மூதாட்டியருக்கும், கணவரோ மகனோ எழுதிய கடிதத்தைப் படித்துச் சொல்பவன் நான்தான். புறப்படும்போதெல்லாம் என் உம்மா இரண்டே அறிவுரைகளைச் சொல்லி அனுப்புவார்கள்: "எழுதியதற்கு மேல் ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே. படித்ததை அந்த வீட்டு வாசற்படியிலேயே விட்டுவிட்டு வா."

வான்கடிதம் மறைந்தது; மின்னஞ்சல் வந்தது. கடிதம் படித்துச் சொல்லும் சிறுவனும் மறைந்தான். அவன் இடத்தில் இன்று ஒரு கருவி வந்து அமர்ந்திருக்கிறது. கைப்பேசியைப் பார்த்து, "சென்ற மாதம் மருத்துவமனையிலிருந்து வந்த கடிதம் எங்கே?" என்று வாயால் கேட்டால், அஞ்சல் பெட்டியைத் துழாவி எடுத்து, காதில் விழும்படி அது விடை சொல்கிறது. இது பெரும் நன்மை, ஐயமில்லை. ஆனால் என் உம்மா எனக்குச் சொன்ன அந்த இரண்டு அறிவுரைகளை இந்தக் கருவிக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

பெட்டகமாகிப்போன அஞ்சல் பெட்டி

கணினி வலைப்பின்னலின் வழியே முதல் மின்னஞ்சலை அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் அனுப்பியது 1971இல். இந்தியப் பொதுமக்களுக்கு இணைய வசதி திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. 2004 ஏப்ரல் 1ஆம் நாள் கூகுள் நிறுவனம் ஜிமெயிலைத் தொடங்கியபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு ஜிகாபைட் இடத்தை இலவசமாக அளித்தது. அன்றைக்கு அது வியப்புக்குரிய அளவு. அதன்பின் கடிதங்களை அழிக்கும் வழக்கமே மக்களிடம் குறைந்துபோயிற்று. விளைவாக, அஞ்சல் பெட்டி இன்று ஒரு குடும்பத்தின் பெட்டகமாகிவிட்டது. பயணச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம், பள்ளிக் கட்டண ரசீது, ஹஜ் விண்ணப்பம், கொடுக்கல் வாங்கல் கணக்கு என அனைத்தும் ஆயிரக்கணக்கான விளம்பரக் கடிதங்களுக்கு நடுவே அதற்குள் கிடக்கின்றன.

அந்தக் குவியலில் தேடித் தரும் உதவியாளர்களாகவே பேசும் கருவிகள் வந்தன. ஆப்பிளின் சிரி 2011இல் வெளிவந்தது. 2023 செப்டம்பரில் கூகுளின் பார்டு, பயனாளர் அனுமதித்தால் அவருடைய ஜிமெயிலுக்குள் தேடி விடை சொல்லும் வசதியைப் பெற்றது. அடுத்த ஆண்டு அதன் பெயர் ஜெமினி என மாறியது. 2024 அக்டோபரில் அதன் குரல்வழி உரையாடல் தமிழுக்கும் அறிவிக்கப்பட்டது. கண்பார்வை இழந்தோர்க்கும், முதியோர்க்கும், எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்ய இயலாதோர்க்கும் இது இறைவன் திறந்துவிட்ட ஒரு வாசல் என்றே சொல்வேன்.

ஒரு கடனின் கதை

என் லாத்தாவுக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். சிறு எழுத்துகள் தெரிவதில்லை. நெடுங்காலம் வளைகுடாவில் உழைத்த மச்சான், தம் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லைத் தம் வாழ்நாளிலேயே லாத்தாவிடம் ஒப்படைத்து, குரலால் கேட்டு விடை பெறும் கருவியையும் கைப்பேசியில் அமைத்துக் கொடுத்திருந்தார். மச்சான் மௌத்தானபின், இத்தா முடிந்த மறுவாரம், பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். மறைந்த தம் தந்தை, மச்சானுக்கு 2014இல் 3 இலட்சம் ரூபாய் கொடுத்திருந்தார் என்றும், பத்திரம் ஏதும் இல்லை, எல்லாம் மின்னஞ்சலிலேயே எழுதிக்கொண்டார்கள் என்றும் சொன்னார்.

லாத்தா கைப்பேசியை எடுத்து, அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லி, அவரிடம் வாங்கிய கடன் பற்றிக் கடிதம் உண்டா என்று கேட்டார். "அப்படி எந்தக் கடிதமும் இல்லை" என்றது கருவி. "மாமா, அதுவே இல்லையென்று சொல்லிவிட்டதே, வந்தவரை அனுப்பிவிடலாம்" என்றான் மருமகன். லாத்தா மட்டும் அமைதியடையவில்லை. "தம்பி, உன் மச்சான் கடனோடு போய்விடக் கூடாது. நீ ஒரு முறை கண்ணால் பார்த்துவிடு" என்றார்.

இஷாவுக்குப் பின் கணினியின் முன் அமர்ந்தேன். பெயரைத் தமிழில் இட்டுத் தேடினேன்; இல்லை. ஆங்கில எழுத்தில் இட்டேன், அப்போதும் இல்லை. பிறகு வந்தவரிடமிருந்து அவர் தந்தையின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டுப் பெற்று அதைக் கொண்டு தேடியபோது, பதினொரு கடிதங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட பேச்சுத் தமிழ். தலைப்பில் ஸலாம் மட்டும். 'கடன்' என்ற சொல் எங்குமே இல்லை; 'கைமாத்து' என்றிருந்தது. தொகை எண்ணாக இல்லை. 'மூணு லட்சம்' என்றிருந்தது. 2016ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், 1 இலட்சம் அனுப்பியிருப்பதாகவும் மீதியை ஊர் வந்ததும் தருவதாகவும் மச்சான் எழுதி, வங்கி ரசீதைப் புகைப்படமாக இணைத்திருந்தார்.

இப்போது முகவரியைக் குறிப்பிட்டு அதே கருவியிடம் மீண்டும் கேட்டுப் பார்த்தேன். "கடன் திருப்பிச் செலுத்தப்பட்டுவிட்டது" என்று தயக்கமின்றிச் சொன்னது! முதலில் இல்லை என்றது. பின்னர் முடிந்துவிட்டது என்றது. இரண்டுமே பிழை. வந்தவர் கேட்ட 3 இலட்சமும் சரியன்று. உண்மையில் நின்ற பாக்கி 2 இலட்சம். 1 இலட்சம் திரும்பி வந்ததை அறியாதிருந்த அவரும், தம் தந்தையின் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து அதை ஒப்புக்கொண்டார். பாகப்பிரிவினைக்கு முன்பே அத்தொகை கொடுத்து முடிக்கப்பட்டது.

பிழை எங்கே நேர்கிறது?

கருவி வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அது வேலை செய்யும் முறையை அறிந்தால் காரணம் விளங்கும். முதலில் நம் குரலை எழுத்தாக்குகிறது. அடுத்து, நாம் கேட்டதிலிருந்து தேடுவதற்கான சொற்களை அமைக்கிறது. பின்பு பெட்டிக்குள் தேடி, பொருத்தமெனத் தோன்றும் சில கடிதங்களை எடுக்கிறது. இறுதியில் அவற்றைப் படித்துச் சுருக்கி, தன் சொற்களில் விடை சொல்கிறது. இந்த நான்கு படிகளில் எதிலும் சறுக்கல் நேரலாம்.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் 'ஷாஹுல் ஹமீது', குடும்ப அட்டையில் 'சாகுல் அமீது', கல்யாணப் பத்திரிகையில் வேறொன்று! மனிதருக்கே குழப்பம் என்றால் கருவிக்குக் கேட்கவா வேண்டும்? இணைக்கப்பட்ட புகைப்படத்துக்குள் இருக்கும் எழுத்து எப்போதும் தேடலில் அகப்படும் என்று சொல்வதற்கில்லை. குப்பையிலும் வேண்டாக் கடிதப் பகுதியிலும் கிடப்பவற்றை ஜிமெயில் வழக்கமான தேடலில் காட்டுவதில்லை. 30 நாள்களுக்குப் பின் அவை தாமாகவே அழிந்தும்போகும். எனவே கருவி 'இல்லை' என்று சொன்னால், 'நான் தேடிய விதத்தில் அகப்படவில்லை' என்பதே அதன் பொருள்.

அறிவிப்பாளரை எடைபோடும் கலை

மதரஸாவில் ஹதீஸ் கலை பயிலும் மாணவருக்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஒரு செய்தியை ஏற்குமுன் அதை அறிவிப்பவரின் இரண்டு தகுதிகளை நம் இமாம்கள் ஆராய்ந்தார்கள். ஒன்று அதாலத், அதாவது அவருடைய நேர்மை. மற்றொன்று ளப்த், அதாவது கேட்டதைக் கேட்டவாறே காத்துச் சொல்லும் துல்லியம். நேர்மையில் குறையில்லாதவரின் அறிவிப்பும், துல்லியம் போதாவிட்டால் பலவீனமானதாகக் கருதப்பட்டது. கருவிக்கு வஞ்சகம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். துல்லியத்துக்கு உறுதி எங்கே? வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்ற கருத்தில் சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இடும் கட்டளை, இக்காலத்துக்கும் எவ்வளவு பொருந்துகிறது!

வெளியிலிருந்து வரும் வஞ்சகமும் உண்டு. கடிதத்தில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் கட்டளைகளை மறைத்துவைத்து, சுருக்கம் சொல்லும் கருவியைக் கொண்டே பொய்யான எச்சரிக்கையைச் சொல்ல வைக்க இயலும் என்பதை 2025 ஜூலையில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். "உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று கருவி சொன்னாலும், மூலக் கடிதத்தைப் பாராமல் அழைத்துவிடக் கூடாது.

வாசற்படியில் விட்டுவர வேண்டியவை

உம்மாவின் இரண்டாவது அறிவுரைக்கு வருவோம். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று நுழையும் ஒழுங்கைச் சூரத்துந் நூரின் 27ஆம் வசனமும், துருவித் துருவி ஆராய்வதற்கான தடையை ஹுஜுராத்தின் 12ஆம் வசனமும் நமக்குக் கற்பிக்கின்றன. அஞ்சல் பெட்டியும் ஒரு வீடுதான். கணவருடையதாயினும், மருமகளுடையதாயினும், வாயால் ஒரு கேள்வி கேட்டால் திறந்துகொள்கிறது என்பதற்காக அதில் நுழைவது நமக்கு ஆகுமானதாகிவிடாது. மச்சானின் பெட்டியில் அந்தப் பதினொரு கடிதங்களைத் தவிர வேறெதையும் நான் திறக்கவில்லை.

கூட்டத்தின் நடுவே, பேருந்தில், விருந்து வீட்டில் உரத்த குரலில் கேட்டு உரத்த குரலில் விடை பெறுவதையும் தவிர்க்க வேண்டும். வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் அடுத்தவர் காதில் விழலாமா? இத்தகைய உரையாடல்களில் ஒரு பகுதியைத் தரம் உயர்த்துவதற்காக மனிதர்களும் பார்வையிடக்கூடும் என்று சில நிறுவனங்களே தம் அறிவிப்புகளில் எழுதியிருப்பதையும் நினைவில் வையுங்கள்.

நாம் செய்யத் தக்கவை

கருவியிடம் பொதுவாகக் கேளாமல், அனுப்பியவரின் முகவரி, ஆண்டு, மாதம், இணைப்பு உண்டா என்பதைச் சொல்லிக் கேளுங்கள். பெயரை எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் மாற்றி மாற்றித் தேடுங்கள். விடை வந்ததும், அது எந்தத் தேதியில் யார் எழுதிய கடிதம் என்று கேட்டு, அக்கடிதத்தையே திறந்து முழுமையாகப் படியுங்கள். பார்வை இல்லாதோர் சுருக்கத்தைக் கேளாமல், முழுக் கடிதத்தையும் திரைவாசிப்பான் மூலம் கேட்கலாம். பணம், உரிமை, மருந்து, பயணம் ஆகியவற்றில் இது கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பிள்ளைகளை ஒரு கருவியிடம் போய்த் தேடும் நிலையில் விட்டுச்செல்லாதிருப்போம். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிவைப்பது பற்றியதன்றோ! சொத்துப் பங்கீடு வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிற்பட்டது என்பதைச் சூரத்துந் நிஸாவின் 11ஆம் வசனம் தெளிவாக்குகிறது. கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் ஒரு தாளில், எல்லார்க்கும் புரியும் எழுத்தில், தேதியுடன் எழுதிவையுங்கள். நெடுநாள் பயன்படுத்தாத கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியைக் கூகுள் 2013 முதல் தந்து வருகிறது. அதையும் செய்துவையுங்கள்.

அன்று தாளைக் கையில் கொடுத்து, நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள், படித்து முடித்ததும் கடிதத்தைத் திரும்ப வாங்கித் தம் பெட்டிக்குள் பத்திரப்படுத்திக்கொள்வார்கள். ஐயம் வந்தால் மறுநாள் வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் படிக்கச் சொல்வார்கள். எழுத்தறியாத அவர்களிடம் இருந்த அந்த விழிப்பு, எல்லாம் அறிந்த நம்மிடமும் இருக்கட்டும். பிறர் உரிமையைப் பேணி, கடனற்றவர்களாகத் தன்னைச் சந்திக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.