கொல்லைப்புறத்தில் எலுமிச்சை வளர்த்தல்

எலுமிச்சம்பழம் வேண்டாத வீடு நம் கிராமங்களில் ஒன்றேனும் இல்லை. ஊறுகாய்க்கும், பானகத்துக்கும், பூஜைக்கும், பெரியோரைக் காணச் செல்கையில் மரியாதையாகக் கையிற் கொண்டுபோவதற்கும் அது வேண்டப்படுகிறது. நூறு கிராம் எலுமிச்சைச் சாற்றில் சுமார் 30 மில்லிகிராம் ஸி வைட்டமின் அடங்கியுள்ளது. கொதிக்கவைத்தால் இச்சத்துக் குறைந்துபோகும். பச்சையாக உபயோகிக்கும் எலுமிச்சையில் அது பெரும்பாலும் கெடாமல் உடலிற் சேர்கிறது. ஆயினும் பங்குனி, சித்திரை மாதங்களில், பழம் மிகுதியும் தேவைப்படும் சமயத்தில், அதன் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத நிலைக்கு ஏறிவிடுகிறது. அக்குடும்பங்களில் பலவற்றிற்கு வீட்டின் பின்புறத்தில் பத்தடிச் சதுர நிலம் வீணே கிடக்கின்றது.

பத்தடிச் சதுரம் ஓர் எலுமிச்சை மரத்திற்குப் போதுமானது. எனினும் கொல்லையில் நடப்படும் எலுமிச்சைகளிற் பல, நான்கு ஐந்து வருஷங்கள் காத்திருந்த பின்னர்ப் பயனின்றி மாண்டுபோகின்றன. இதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் இரண்டே. முதலாவது, தாய்மரம் இன்னதென்று அறியாமல் செடியை வாங்குதல். இரண்டாவது, அடிமரத்தை ஓயாமல் நனைத்துவைத்தல். இவ்விரண்டையும் விலக்கினால் எஞ்சிய வேலைகள் எளியன.

எம்மரம் சிறு இடத்துக்கு ஏற்றது

எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் பலவகைப்படும். பம்பளிமாஸ் பெருமரமாக வளர்வதாகலின் சிறு கொல்லைக்கு உதவாது. கமலா ஆரஞ்சு மலைப் பிரதேசத்திற்கு உரியது. சாத்துக்குடி சமவெளியில் விளையுமெனினும் எலுமிச்சையைவிட அதிக இடமும் பராமரிப்பும் வேண்டுவது. நாரத்தை சிறு மரமே; ஊறுகாய்க்கு அதனை விரும்புவோர் நடலாம். ஆயினும் இடச் சுருக்கம், விரைவிற் காய்த்தல், அன்றாட உபயோகம் ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கின் மெல்லிய தோலையுடைய நாட்டு எலுமிச்சையே முதலிடம் பெறும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம். 1 என்னும் ரகமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

அயல்நாடுகளில் மரத்தைக் குட்டையாக்கும் பொருட்டு, மூவிலை ஆரஞ்சின் ‘ஃப்ளையிங் டிராகன்’ என்னும் வகையை வேர்ச்செடியாகக் கொண்டு அதன்மீது ஒட்டுக் கட்டுவதுண்டு. அவ்வேர்ச்செடி குளிர்ந்த பிரதேசத்துக்கு இசைந்தது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் அது செழிப்பதில்லை. ஆதலின் நம் சமவெளிகளில் மரத்தைச் சிறிதாக வைத்துக்கொள்ளும் வழி கவாத்து செய்தலே.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

எலுமிச்சைச் செடிகள் விதை நாற்று, பதியன், ஒட்டு என மூன்று வகையாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நன்மையும் ஒரு குறையும் உள்ளன. அவற்றை அறிந்து வாங்குதல் அவசியம்.

பதியனும் ஒட்டும் விரைவிற் பலன் தருவன. நட்ட இரண்டு மூன்று வருஷங்களிற் காய்க்கத் தொடங்கும், முட்கள் குறைவாயிருக்கும், மரமும் அடக்கமாக வளரும். பதியனுக்கு ஆணிவேர் இல்லாமையால் காற்றிற் சாயாதபடி முதலிரண்டு வருஷங்கள் ஊன்றுகோல் நாட்டிக் கட்டவேண்டும். ஆனால் இவற்றின் பெருங்குறை வேறொன்று. தாய்மரத்தின் கிளையே புதிய செடியாகின்றமையால், தாய்மரத்தில் மறைந்துள்ள நச்சுயிரி நோயும் அதனோடு கூடவே வருகிறது. டிரிஸ்டெஸா என வழங்கும் நோய் இத்தன்மையது. போர்த்துகீசிய மொழியில் அச்சொல்லுக்குத் துயரம் என்பது பொருள். 1930-ஆம் வருஷத்துக்குப் பின்னர் பிரேசில் தேசத்தில் இலட்சக்கணக்கான ஆரஞ்சு மரங்கள் இந்நோயால் அழிந்தன. அசுவினிப் பூச்சி இதனை மரத்துக்கு மரம் பரப்புகிறதென்பது 1946-இல் அங்கே நிரூபிக்கப்பட்டது. எலுமிச்சை இந்நோய்க்கு மிகவும் எளிதில் இரையாகும். நோயுற்ற மரம் உடனே சாவதில்லை. வருஷத்துக்கு வருஷம் காய் சிறுத்து, கிளை நுனிகள் காய்ந்து, மெல்ல மெல்லக் குன்றிப்போகும்.

விதை நாற்று இதற்கு நேர்மாறானது. டிரிஸ்டெஸா விதை வழியே பரவுவதில்லை. ஆகவே நல்ல விதையிலிருந்து எழுந்த நாற்று நோயின்றியே வாழ்வைத் தொடங்குகிறது. விதை நாற்றுத் தாயின் குணத்தைக் கொள்ளாது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. எலுமிச்சையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. ஓர் எலுமிச்சை வித்திலிருந்து இரண்டு மூன்று முளைகள் கிளம்புவதைக் காணலாம். அவற்றிற் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையால் உண்டாகாமல் தாயின் திசுவிலிருந்தே உண்டானவை. ஆதலின் அவை தாயை ஒத்தே இருக்கும். நாற்றங்காலில் ஒரே சீராக வளர்வனவற்றை வைத்துக்கொண்டு, மிகவும் மெலிந்தனவற்றையும் தோற்றத்தில் வேறுபட்டனவற்றையும் களைந்துவிட்டால் போதும். விதை நாற்றின் குறைகள் முள் மிகுதியும் காலதாமதமுமே. காய்க்க நான்கு, ஐந்து வருஷங்கள் ஆகலாம்.

ஆகவே தாய்மரத்தை நேரிற் பார்க்க இயலுமாயின் பதியனோ ஒட்டோ வாங்கலாம். இயலாதாயின் விதை நாற்றே மேல். தாய்மரம் பத்து வயதுக்குக் குறையாததாயும், நுனிக் கிளைகள் காயாததாயும், தொடர்ந்து காய்ப்பதாயும் இருத்தல் வேண்டும். அதன் இளந்தளிரைச் சூரிய வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். நரம்புகளில் விட்டுவிட்டு வெளிறிய கோடுகள் தென்பட்டால் அம்மரத்தின் செடியை வாங்கலாகாது. இலையில் மஞ்சள் வளையம் சூழ்ந்த சொரசொரப்பான புள்ளிகள் இருப்பின் அது சொறிநோயாகும். அத்தகைய நாற்றும் விலக்கத்தக்கதே.

இடமும் குழியும்

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி நடவேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த இடத்தை அறவே விடுக. வேறு இடம் இல்லையாயின் ஒன்றரை அடி உயரம் மண்மேடு எழுப்பி அதன்மீது நடுக.

குழி நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றிலும் இரண்டரை அடி இருக்கலாம். தோண்டிய குழியைப் பதினைந்து நாள் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் இரண்டு கூடை மக்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்பவேண்டும். நிரப்பிய மண் பின்னர்த் தாழும். ஆகவே தரைமட்டத்துக்கு மேல் நான்கு அங்குலம் உயர்ந்திருக்கும்படி விடுக. செடி நாற்றங்காலில் எந்த மட்டத்தில் நின்றதோ அந்த மட்டத்திலேயே நிற்கவேண்டும். ஒட்டுச் செடியில் ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேல் அரையடியாவது உயர்ந்து தோன்றுதல் மிகவும் முக்கியம்.

தண்ணீர்

குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் ஓடுமிடத்தில் எலுமிச்சையை வைத்தால் தனியே தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சமென்று பலர் கருதுகின்றனர். வாழைக்கு இது பொருந்தும்; எலுமிச்சைக்குப் பொருந்தாது. எலுமிச்சையின் சல்லிவேர்கள் மேல்மண்ணிலேயே பரவிக் கிடப்பன. அவற்றிற்கு ஈரம் எவ்வளவு அவசியமோ அவ்வளவு காற்றும் அவசியம். ஓயாமல் நனைந்திருக்கும் மண்ணில் ஒருவகைப் பூஞ்சணம் வேரையும் அடிமரப் பட்டையையும் அழுகச் செய்கிறது. பட்டை வெடித்துப் பிசின் வடிவது இதன் அடையாளம். இலை மஞ்சளாவதைக் கண்டு தண்ணீர் போதவில்லையென்று எண்ணி மேலும் ஊற்றுவோர் உண்டு. அதனால் மரம் இன்னும் விரைவில் அழியும். சவர்க்கார நீரிலும் சமையலறை நீரிலும் உள்ள உப்பும் எலுமிச்சைக்கு ஆகாது.

இதற்குரிய பரிகாரம் செலவற்றது. அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணை அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே, கிளைகளின் நிழல் விழும் எல்லை வரை, வட்டமாகப் பாத்தி கட்டவேண்டும். தண்ணீர் பாத்தியில் நிற்கும், அடிமரம் உலர்ந்திருக்கும். மரம் வளர வளரப் பாத்தியை வெளிப்புறமாக அகற்றிக்கொண்டே போகவேண்டும். புதிதாய் நட்ட செடிக்கு வேர்பிடிக்கும் வரை இரண்டு நாளுக்கொரு முறையும், பின்னர் வாரத்துக்கொரு முறையும் தண்ணீர் விடலாம். மேல்மண் இரண்டங்குல ஆழத்துக்கு உலர்ந்த பின்னரே அடுத்த தண்ணீர் என்பது பொது விதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியின் ஒரு கரையை வெட்டிவிட்டு நீரை வடிக்கவேண்டும். கோடையில் சருகும் வைக்கோலும் பரப்பி ஈரத்தைக் காக்கலாம். அவை அடிமரத்தைத் தொடலாகாது.

எருவும் கவாத்தும்

முதல் வருஷம் 10 கிலோ தொழுவுரம் போதும். வருஷந்தோறும் கூட்டிக்கொண்டே சென்று ஆறாவது வருஷம் முதல் 30 கிலோ இடலாம். பங்குனியில் ஒரு பாதியும் புரட்டாசியில் மறுபாதியுமாகப் பாத்தியிலிட்டு, வேர் அறுபடாதபடி மேலாகக் கொத்திவிடவேண்டும். நரம்புகள் பச்சையாயும் இடைப்பகுதி மஞ்சளாயும் தோன்றும் சிற்றிலைகள் துத்தநாகச் சத்தின் குறைவைக் காட்டும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் துத்தநாக ஸல்பேட்டும் அதிற் பாதியளவு சுண்ணாம்பும் கரைத்து வடிகட்டித் தளிர்மீது தெளித்தால் அக்குறை நீங்கும்.

அடிமரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடிவரை கிளை விடலாகாது. அதற்கு மேல் நான்கு திசைகளிலும் நான்கு கிளைகளை நிறுத்தி, உயரம் எட்டடிக்கு மேற்படாமல் நுனிகளைக் கிள்ளிவரின் மரம் குடைபோல் பரவிக் கைக்கெட்டும் நிலையிலேயே இருக்கும். நேராக விரைந்தெழும் சதைப்பற்றான நீர்ப்போத்துகளை இளமையிலேயே ஒடித்துவிடவேண்டும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து எழும் துளிர்களைக் கண்டவுடன் கிள்ளுக. அசட்டையாய் விட்டால் ஒட்டு மடிந்து வேர்ச்செடியே மரமாகிவிடும்.

பூச்சியும் நோயும்

இளஞ்செடியின் தளிர்களை மொட்டையாக்குவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. இளமையில் இது பறவை எச்சம்போலத் தோன்றி ஏமாற்றும். முதிர்ந்தபின் பச்சை நிறமாகும். கொல்லையில் ஒன்றிரண்டு செடிகளுக்கு மருந்து வேண்டியதில்லை; காலையில் குழந்தைகளைக்கொண்டு பொறுக்கி அழிக்கலாம். இலையில் வெள்ளிக் கோடுகள் இழைத்துச் சுருளச் செய்யும் இலைத்துளைப்பானுக்கு, லிட்டருக்கு 50 கிராம் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து வடித்த சாற்றைத் தளிர்ப்பருவத்தில் தெளிக்கலாம்.

மழைத்துளி தெறிப்பதாற் பரவும் சொறிநோய்க்கு, நோயுற்ற கிளைகளை வறண்ட நாளில் வெட்டி எரித்துவிட்டுப் போர்டோக் கலவை தெளிக்கவேண்டும். 50 கிராம் மயில்துத்தத்தை இரண்டரை லிட்டர் நீரிலும், 50 கிராம் சுட்ட சுண்ணாம்பை இரண்டரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, இரண்டையும் மூன்றாவதொரு பாத்திரத்தில் ஒரே சமயத்தில் ஊற்றிக் கலக்குக. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே உதவும், இரும்பு ஆகாது. துலக்கிய கத்தியைக் கலவையில் தோய்த்தெடுக்கையில் அதன்மேல் செம்புநிறம் படியுமாயின் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். இன்றேல் இலை கருகும். கலந்த அன்றே தெளித்துவிடுதல் அவசியம். பிசின் வடியும் இடத்தைச் சுரண்டி, இச்சரக்குகளையே லிட்டருக்கு 100 கிராம் வீதம் குழம்பாகக் கலந்து பூசலாம்.

தரை இல்லாத வீடுகளில்

கொல்லையில்லாதவர் தொட்டியிலும் எலுமிச்சை வளர்க்கலாம். பிரான்ஸ் தேசத்து வெர்ஸேல்ஸ் அரண்மனையில் பதினேழாம் நூற்றாண்டு முதல் ஆரஞ்சு மரங்களைப் பெட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் கொண்டுவந்து காத்தனர். ஒன்றரை முதல் இரண்டு அடி அகலமுள்ள தொட்டியோ பாதியாக அறுத்த பீப்பாயோ போதும். அடியில் நான்கைந்து துளைகளிட்டு, செங்கல்மீது ஏற்றி வைத்து, செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமபாகமாகக் கலந்து நிரப்பவேண்டும். தொட்டிக்குப் பதியனே ஏற்றது. கோடையில் தினந்தோறும் தண்ணீர் வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வருஷங்களுக்கொரு முறை செடியை வெளியே எடுத்து, வேர்க்கட்டியின் புறத்தே இரண்டங்குலம் சீவிவிட்டுப் புதுமண் இடவேண்டும். தரையில் நன்கு வளர்ந்த மரம் வருஷத்துக்கு ஆயிரம் பழங்கள் வரை தரக்கூடும். தொட்டிச் செடி அதிற் சிறு பங்கே தரும். எனினும் சிறு குடும்பத்தின் அன்றாடத் தேவைக்கு அதுவும் பெருந்துணையே.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒரு செடி வேண்டுகின்ற அங்கத்தினர் அதன்பொருட்டுத் தொலைதூரம் சென்று தாய்மரத்தைக் கண்டுவர இயலாது. இருநூறு செடிகள் வேண்டுகின்ற சங்கத்துக்கு அது இயலும். தனி மனிதனுக்கு அருமையாயிருப்பதைப் பலர் கூடி எளிதாக்குதல் 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் தொட்டு நம் சங்கங்கள் கண்டறிந்த வழியே. சங்கத்தின் சார்பில் விவரமறிந்த இருவர் தோட்டக்கலை இலாகாவின் பண்ணைக்கோ, நம்பத்தக்க நாற்றங்காலுக்கோ சென்று, தாய்மரங்களைப் பார்வையிட்டு மொத்தமாக வாங்கிவரலாம்.

நாற்றங்கால் அமைக்க வசதியுள்ள சங்கம் தானே விதைக்கவும் செய்யலாம். ஊரில் அறியப்பட்ட நல்ல மரத்தின் முற்றிப் பழுத்த பழங்களிலிருந்து விதையெடுத்து, கழுவி, நிழலில் உலர்த்திச் சில நாட்களுக்குள் விதைத்துவிடவேண்டும். நெடுநாள் உலர்ந்த எலுமிச்சை விதை முளைப்பதில்லை. ஒரு வருஷத்தில் நாற்று நடுவதற்குத் தகுதியாகும். கொடுக்கும் ஒவ்வொரு செடிக்கும் தாய்மரம் யாருடையது, எந்த மாதம் விதைக்கப்பட்டது என்பதைச் சங்கத்தின் புத்தகத்தில் எழுதிவைத்தல் நலம். ஐந்து வருஷங்கள் கழித்து எம்மரத்தின் வழித்தோன்றல்கள் நன்றாய்க் காய்த்தன என்பது அப்புத்தகத்திலிருந்தே விளங்கும். அடுத்த விதைப்புக்குரிய தாய்மரத்தையும் அதைக்கொண்டே தெரிந்தெடுக்கலாம்.